சோமு குருக்களின் நூல் கையுறை

எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ‘அருணை மரவேலை நண்பர்கள்’ என்று பெயர். தொழில் செய்கிற தச்சர் ஒருவர்கூட அதில் கிடையாது. அவர்களுக்கு வேலை இருக்கிறது. பிழைப்புக்கு வேறு எதையோ செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை வந்தால் நல்ல பலகையை அறுத்து வீணாக்குகிற கும்பல் நாங்கள். அறிவுரைக்கு மட்டும் அங்கே பஞ்சமே கிடையாது. எந்தப் பசை நல்லது என்று ஒருவன் கேட்டால் போதும். சாயங்காலத்துக்குள் ஆளுக்கொரு பசையைச் சொல்லி, அதில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு குழுவை விட்டுப் போய், மறுநாள் காலையில் திரும்பி வந்திருப்பார்கள்.

குழுவை நடத்துகிற புகழேந்தி ஒரு பைனான்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். அவரிடம் இல்லாத மெஷின் இல்லை. அவர் செய்து முடித்த சாமான் என்று ஒன்றை நான் இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் புதிதாக வருகிறவர்கள் அவர் பேச்சைத்தான் கேட்பார்கள். நான் ரேணுகாம்பாள். ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்துவிட்டு ராணிப்பேட்டையில் இரும்பு கடைகிற லேத் ஓட்டியவள். வீட்டுக்காரர் போன பிறகு ஊருக்கு வந்து, செங்கம் ரோட்டில் மாமனார் கட்டிய வீட்டின் மாடி அறைகளை ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, மாடிப்படிக்குக் கீழே ஸ்டூல் செய்துகொண்டிருக்கிறேன். குழுவில் நான் மட்டும்தான் பொம்பளை. அதனால் நான் எதைச் சொன்னாலும் ‘சூப்பர் மேடம்’ என்பார்கள், கேட்க மாட்டார்கள்.

சோமசேகர குருக்கள், எங்களுக்கு சோமு குருக்கள், இந்தக் கும்பலில் வந்து சேர்ந்தது ஒரு மணைப் பலகையால். ‘நமஸ்காரம். பூஜையில் உட்கார மணை செய்ய வேண்டும். வேம்பு உசிதமா, மா உசிதமா? இரண்டும் கைவசம் உள்ளன’ என்று எழுதியிருந்தார். உடனே ஒருவன் தேக்கு என்றான், ஒருவன் பிளைவுட் போதும் என்றான், புகழேந்தி எந்த மெஷின் வாங்கலாம் என்று மூன்று லிங்க் அனுப்பினார். கையில் இருப்பது வேம்பும் மாவும். கேட்டதும் அவை இரண்டைப் பற்றித்தான். வேம்பை எடுத்துக்கொள்ளுங்கள், காய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்று நான் எழுதினேன். அதுதான் பழக்கத்தின் ஆரம்பம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பட்டறையைப் பார்த்து யோசனை சொல்லலாம் என்று நாலைந்து பேராகப் போனோம். எங்கள் குழுவில் அது ஒரு வழக்கம். ஒருவர் வீட்டுக்குப் போய் அங்கே இருப்பதையெல்லாம் தப்பு என்று சொல்லி, காபி குடித்துவிட்டு வருவோம். பெரிய கோயிலுக்குப் பின்னால் இருக்கிற குறுகலான தெருவில் அவர் வீடு. பின்கட்டில் கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே தகரம் போட்ட ஒரு இடம். அதுதான் பட்டறை. உள்ளே கையைக் கொண்டுபோனால் கை தெரியாது, அவ்வளவு இருட்டு. ஆனால் உளிகளை எல்லாம் துணி விரித்து அபிஷேக சாமான்கள் மாதிரி வரிசையாக வைத்திருந்தார்.

“இதான் எங்க பட்டறை. சிரிக்காதேங்கோ,” என்றார்.

நான் சிரிக்கவில்லை. ஒற்றைக் குண்டு பல்பை மாற்றி மேஜைக்கு நேரே மேலே ஒரு டியூப் லைட் போடுங்கள், மேஜையைச் சுவரோடு ஒட்டாதீர்கள், நீளப் பலகை வந்தால் எங்கே திருப்புவீர்கள் என்று சொன்னேன். அடுத்த வாரமே செய்துவிட்டார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்தது அதுதான். சொன்னால் கேட்பார். யார் சொன்னாலும் கேட்பார். அதுதான் அவரைக் கெடுத்ததும்.

ஐம்பதைத் தாண்டியவர். மெலிந்த ஆள், குரல் மட்டும் கணீரென்று இருக்கும். அடி அண்ணாமலைப் பக்கம் கிரிவலப் பாதையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி ஒரு சின்ன சிவன் கோயில் இருக்கிறது. பௌர்ணமிக்குச் சுற்ற வருகிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு கோயில் இருப்பதே தெரியாது. அதற்குப் பூஜை செய்கிற முறை அவர் குடும்பத்துக்கு. விடியற்காலையில் மொபெட்டில் போய்க் கதவைத் திறந்து, சுவாமிக்கு எண்ணெய்க் காப்பு, அபிஷேகம், அலங்காரம் எல்லாம் அவர் ஒருவரே.

ஒருநாள் மணைக்கு உப்புக்காகிதம் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “எட்டு வயசுல பாடசாலையில கொண்டுபோய் விட்டுட்டா. என்னை யாரும் கேக்கலை. நானும் வேண்டாம்னு சொல்லலை. அப்புறம் பழகிப்போச்சு, பழகினது போய் உசுரே அதுவாயிடுத்து. காலம்பர எண்ணெய் தேய்க்கறச்சே கல்லு சில்லுன்னு இருக்கும் பாருங்கோ, அது என் கைக்குத் தெரியலேன்னா அன்னிக்கு நாளே விடியாது. ஆனா இந்த மரம் மட்டும் நானா எடுத்துண்டது. ஐம்பது வயசுல மொதல் தடவையா ஒண்ணை நானா எடுத்துண்டிருக்கேன்.”

அவர் மனைவி சொர்ணாம்பாளுக்கு இந்த மரவேலை அடியோடு பிடிக்காது. பிடிக்காததற்குக் காரணம் உண்டு. அவர்கள் வழியில் மூலவரைத் தொட்டுப் பூஜை செய்கிறவருக்கு அங்கம் குறையக் கூடாது. விரல்களால் முத்திரை காட்ட வேண்டும், தொட்டு ஆவாஹனம் செய்ய வேண்டும். ஒரு விரல் போனால் விரலோடு போகாது, சன்னிதியே போய்விடும். மற்ற வீட்டில் உளி பட்டால் மஞ்சள் வைத்துக் கட்டுவார்கள். அந்த வீட்டில் சின்னதாக ஒரு கீறல் விழுந்தாலும் சொர்ணாம்பாள் சாப்பிட மாட்டாள்.

“உங்களுக்கெல்லாம் கை. எங்களுக்கு அது சாமி சொத்து, ரேணுகா,” என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். அப்படிச் சொல்லிவிட்டுக் காபியும் கொடுப்பாள். நல்ல மனுஷி.

கைவேலையோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆசிரமத்துக்குப் பின்னால் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய ‘டேபிள் சா’ என்கிற அறுவை மெஷினை விற்றுவிட்டுப் போகப் பார்த்தார். மேஜைக்கு நடுவே பிளேடு சுற்றும், பலகையைத் தள்ளினால் கோடு போட்ட மாதிரி அறுத்துத் தரும். புகழேந்தி குழுவில் படம் போட்டார். ‘சாமி, உங்க பட்டறைக்குன்னே செஞ்ச மெஷின்’ என்று எழுதினார். இரண்டு நாள் எல்லாரும் அதையே ஓதினார்கள். கை ரம்பத்தில் அறுத்து அறுத்துத் தோள்பட்டை வலி கண்டிருந்த மனிதருக்கு ஆசை வந்துவிட்டது. ஆசைப்பட்டதில் என்ன தப்பு.

சொர்ணாம்பாள் முடியாது என்றாள். மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை. பிறகு அவளே இறங்கி வந்தாள், ஒரு நிபந்தனையோடு. கையுறை போடாமல் அந்த மெஷின் பக்கம் போகக் கூடாது. சொன்னதோடு விடாமல் தேரடிப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினாள். கடைக்காரர்கள் தோல் கையுறையைக் காட்டினார்கள். மாட்டுத் தோலை மாட்டிக்கொண்ட கையோடு அவர் சன்னிதிக்குள் போவதா. அது வேண்டவே வேண்டாமென்று, வெள்ளை நூலில் கெட்டியாகப் பின்னின கையுறையைத் தேடி வாங்கி வந்தாள். துவைத்துக் காயப்போட்டு, சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக் கொடுத்தாளாம்.

அவர் அதை மாட்டிக்கொண்டு மெஷின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக் குழுவில் போட்டார். ‘இல்லாளின் அன்பு’ என்று கீழே எழுதியிருந்தார். கட்டைவிரல் பொம்மையாக வந்து விழுந்தது. ‘சேஃப்டி ஃபர்ஸ்ட்’ என்றான் ஒருவன். ‘எல்லாரும் சாமியைப் பார்த்துக் கத்துக்கோங்க’ என்றார் புகழேந்தி.

நான் படத்தைப் பெரிதாக்கிக் கையுறையைப் பார்த்தேன். லேத் பட்டறையில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடமே இதுதான். சுற்றுகிற மெஷினுக்குப் பக்கத்தில் கையுறை கூடாது, துப்பட்டா கூடாது, தொங்குகிற எதுவும் கூடாது. வெறும் விரல் பட்டால் அந்த இடம் அறுபடும். துணி மாட்டினால் கையையே இழுத்துக்கொண்டு போகும். நூலாகப் பின்னின கையுறை என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு இழை பிளேடு பல்லில் சிக்கினால் முடிந்தது. இதையெல்லாம் அப்படியே குழுவில் எழுதினேன். ‘மேடம் பயமுறுத்தறாங்களே’ என்று ஒரு சிரிப்புப் பொம்மை. ‘லேத் வேற, மரம் வேற மேடம்’ என்றார் புகழேந்தி. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. போனை வைத்துவிட்டு நேரே அவர் வீட்டுக்கே போனேன்.

“சாமி, அந்த மெஷின்ல கையுறை போடாதீங்க. புஷ் ஸ்டிக்குன்னு ஒரு குச்சி, அத வெச்சிப் பலகயத் தள்ளுங்க, கை பிளேடு கிட்டப் போகவே கூடாது. கையுறைய பலக தூக்கும்போது வேணா போட்டுக்கங்க.”

அவர் கிணற்றடியைத் திரும்பிப் பார்த்தார். சொர்ணாம்பாள் அங்கே உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நீங்க சொல்றது புரியறது. ஆனா அவ அதை நம்பித்தான் மெஷினை ஆத்துக்குள்ள விட்டிருக்கா. இப்போ போய்க் கழட்டினா, பேச்சு மாறிட்டேன்னு ஆயிடும். பக்குவமா நானே சொல்லிக்கறேன்.”

“நான் சொல்லட்டுமா?”

“வேண்டாம். நீங்க சொன்னா, அவ வாங்கித் தந்ததையே குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும். நான் சொல்றேன்.”

அவர் சொல்லவில்லை. நான் போகிற நாளில் கையுறை ஆணியில் தொங்கும், குச்சி கையில் இருக்கும். நான் இல்லாத நாளில், மெஷின் சத்தம் கேட்டதும் சொர்ணாம்பாள் முறத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடியில் வந்து உட்காருவாளாம். அவள் பார்க்கிற திருப்திக்காக அவர் மாட்டிக்கொள்வார். மனைவி மனசு நோகக் கூடாது என்று பார்த்தார், வேறொன்றுமில்லை.

ஆவணி மாதம், ஒரு பிரதோஷத்தன்று காலை. கோயில் வேலையை முடித்துவிட்டு வந்து, கற்பூரத்தட்டு வைக்க ஒரு பெட்டிக்காக ஒல்லியான சட்டம் அறுத்துக்கொண்டிருந்தார். ஒல்லிச் சட்டம் என்றால் கை பிளேடுக்குப் பக்கத்திலேயே போக வேண்டியிருக்கும். கையுறை போட்டிருக்கிறோம் என்கிற தைரியம் வேறு. இடது கையுறையின் விரல் நுனி பல்லில் சிக்கியது. இழுத்துக்கொள்ள அவருக்கு அவகாசமே கிடைக்கவில்லை.

எனக்குப் போன் வந்து நான் ஓடிப் போனபோது ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். இடது கையில் ஆள்காட்டி விரலும் நடு விரலும் பாதியோடு போய்விட்டன. வெளியே பெஞ்சில் சொர்ணாம்பாள் உட்கார்ந்திருந்தாள். புடவை முழுக்க ரத்தம். அழவில்லை. மடியைப் பார்த்தபடியே இருந்தாள். அவள் பக்கத்தில் புகழேந்தி நின்றுகொண்டிருந்தார். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று அவருக்கு.

“நல்ல வேளைங்கம்மா. நீங்க வாங்கிக் குடுத்த கையுறை இருந்ததால ரெண்டோட போச்சு. இல்லன்னா முழுக் கையும் போயிருக்கும்,” என்றார்.

சொர்ணாம்பாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. முழுகிக்கொண்டிருக்கிற ஒருத்திக்குக் கையில் ஏதோ அகப்பட்ட மாதிரி இருந்தது. “அப்படியா சொல்றேள்?” என்று கேட்டாள். புகழேந்தி ஆமாம் என்று தலையை ஆட்டினார். அங்கேயே அவரை நாலு கேள்வி கேட்டிருப்பேன். அந்த நேரத்தில் அந்தப் பெண்ணிடமிருந்து அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் அந்த இடத்தைச் சுத்தம் செய்ய ஆள் இல்லை. நான்தான் போய்ச் செய்தேன். மெஷினின் அடிமூடியைக் கழற்றினால், பிளேடு மாட்டுகிற அச்சு நெடுகச் சிவப்பும் வெள்ளையுமாக நூல் சுற்றிக்கிடந்தது. கத்தியால் அறுத்து அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. எடுத்துக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டுக் கிணற்றடியில் வெகுநேரம் கையைக் கழுவினேன்.

ஆஸ்பத்திரியில் தனியாக இருந்தபோது அவரே பேச்சை எடுத்தார்.

“நூல் சுத்தியிருந்துதா?”

“ஆமாங்க சாமி.”

“இழுக்கறச்சேயே நேக்குத் தெரிஞ்சுது. நீங்க சொன்னது அப்படியே காதுல கேட்டுது.” கட்டுப் போட்ட கையைத் துண்டால் மூடிக்கொண்டார். “அவகிட்டே சொல்லிடாதீங்கோ. அது காப்பாத்தினதுன்னு நினைச்சிண்டிருக்கா. நினைச்சிண்டே இருக்கட்டும். கை போனது போச்சு, அவளாவது இருக்கணும்.”

சரி என்றேன்.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தார். அவரைக் கோயிலுக்கு வராதே என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தம்பி மகன் பிரதோஷ் முப்பது வயசுக்காரன், பொறுப்பானவன். முறையை அவன் ஏற்றுக்கொண்டான். அவனே வந்து கூப்பிட்டான்.

“வாங்கோ பெரியப்பா. விரலைச் சுத்தித் துணி கட்டிண்டா போறும். நம்ம கோயில்ல யாரு பார்க்கப்போறா?”

“பார்க்கறவர் உள்ளே உக்காண்டிருக்கார்டா,” என்றார் இவர்.

அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. விடியற்காலை எழுந்து குளிக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, மொபெட்டில் போகப் பிடிக்காமல் நடந்தே போவார். அர்த்த மண்டபத்துக்கு இந்தப் பக்கம், படிக்குக் கீழே நிற்பார். உள்ளே பிரதோஷ் எண்ணெய்க் காப்பு செய்வதைப் பார்ப்பார். ஒருநாள் நான் அந்த வழியாகப் போனபோது கண்டேன். பிரதோஷின் கை லிங்கத்தின் மேல் போகும்போது இவருடைய வலது கை இடுப்புக்குப் பக்கத்தில் தானாக அசைந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்ப்பதற்குள் திரும்பிவிட்டேன்.

வீட்டில் பட்டறைப் பக்கம் போகவே மாட்டார். செய்து பாதியில் விட்ட சாமான்களைப் பிரதோஷ் பரணில் ஏற்றிவிட்டான். பெங்களூரில் இருக்கிற மகள் அம்ருதா வந்து, எங்களோடு வந்து இருங்கள் என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அங்கே போய் யார் கோயிலில் நிற்பது என்று கேட்டுவிட்டார். நான் போனால் பேசுவார், மரத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டார்.

சொர்ணாம்பாள் நேர் எதிராக ஆகிவிட்டாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் கையுறையைப் பற்றிப் பேசினாள். “அது மட்டும் இல்லேன்னா மணிக்கட்டோட போயிருக்கும்,” என்று காய்கறிக்காரியிடம்கூடச் சொன்னாள். அவளுக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். தன்னால் அவ்வளவாவது காப்பாற்ற முடிந்தது என்று நினைத்து அவள் சாப்பிட்டாள், தூங்கினாள். குழுவில் புகழேந்தி ‘கையுறை காப்பாற்றிய கை’ என்று நீளமாக எழுதிப் போட்டார். எல்லாரும் அதை மற்ற குழுக்களுக்கு அனுப்பினார்கள். சுற்றுகிற பிளேடுக்குப் பக்கத்தில் கையுறை போடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்ப எழுதினேன். ‘கண்ணெதிரே நடந்ததுக்கு அப்புறமுமா மேடம்?’ என்று பதில் வந்தது. நடந்தது என்ன என்று என்னால் சொல்ல முடியவில்லை. வாயைக் கட்டிப்போட்டிருந்தார் மனுஷர்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அவரிடமே சண்டை போட்டேன்.

“சாமி, நீங்க வாயத் தொறக்காததால இன்னொருத்தன் கை போவப்போகுது. உங்க பேரச் சொல்லித்தான் எல்லாரும் போட்டுக்கறானுங்க. தெரியுதா உங்களுக்கு?”

“தெரியறது.”

“அப்பறம்?”

“இப்போதான் ராத்திரி தூங்கறா, ரேணுகா,” என்றார். திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

தை பிறந்ததும் மெஷினைக் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. கீழ்பென்னாத்தூரிலிருந்து வல்லரசு எடுத்துக்கொள்ள வந்தான். நெல்லு, மணிலாக் கொட்டை மூட்டை ஏற்றுகிற வேன் ஓட்டுகிறவன். குழுவில் புதிதாகச் சேர்ந்தவன். கல்யாணமாகி ஒரு வருஷம். பிறந்திருக்கிற குழந்தைக்குத் தொட்டில் செய்ய வேண்டும் என்று ஆசை. மெஷினை எப்படி மாட்டுவது என்று சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தான். அவனும் பிரதோஷுமாகத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். சோமு குருக்கள் கிணற்றோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை மேல்துண்டுக்குள் இருந்தது.

வேன் கதவைச் சாத்தப் போகும்போது சொர்ணாம்பாள் உள்ளேயிருந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், அவற்றின் மேல் புதிதாக ஒரு ஜோடி நூல் கையுறை. அதே மாதிரி, வெள்ளை. துவைத்து மடித்திருந்தாள்.

“குழந்தை பெத்தவன்பா நீ. இதைப் போட்டுக்காம அதைத் தொடப்படாது. எங்காத்து மாமா கையை இதான் காப்பாத்தித்து,” என்றாள்.

வல்லரசு கும்பிட்டு வாங்கி, வெற்றிலை பாக்கையும் பழத்தையும் வேனில் வைத்தான். பெரியவர்கள் கொடுத்ததை உடனே போட்டுப் பார்ப்பதுதானே மரியாதை. இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தான். “கரெக்டா இருக்குதுமா,” என்று சிரித்தான்.

நான் சோமு குருக்களைப் பார்த்தேன். இவர் இப்போது பேசாவிட்டால் நான் பேசிவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். கொடுத்த வாக்காவது ஒன்றாவது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவர் கிணற்றோரத்தை விட்டு நடந்து வந்தார்.

“வல்லரசு, அதைக் கழட்டு.”

அவன் புரியாமல் நின்றான்.

“கழட்டுப்பா. என் கை போனதே அதாலதான்.” மேல்துண்டை விலக்கி இடது கையை நீட்டினார். அந்தக் கையை அவர் வெளியே நீட்டி நான் பார்த்தது அப்போதுதான். “நூல் பிளேடுல மாட்டிண்டு உள்ளே இழுத்துடுத்து. வெறுங்கையா இருந்தா நகத்தோட போயிருக்கும். ரேணுகா அப்போவே சொன்னா. மெஷினை ஓட்டறச்சே கையில ஒண்ணும் கூடாது. குச்சி வெச்சுத் தள்ளு. உன் குழந்தை மேல ஆணையாக் கேட்டுக்கறேன்.”

வல்லரசு அவசரமாகக் கழற்றினான். கழற்றியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். பிரதோஷ் தலையைக் குனிந்துகொண்டான். சொர்ணாம்பாள் காலித் தட்டோடு அதே இடத்தில் நின்றாள். முதலில் என்னைத்தான் பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்,” என்றேன்.

அவரைப் பார்த்தாள். “அப்போ நான் வாங்கித் தந்ததுதானா?”

“போட்டுண்டது நான்,” என்றார் அவர்.

“நான் உக்காண்டு பார்த்துண்டிருந்தேன்,” என்றாள் அவள். “போட்டுண்டிருக்கேளான்னு பார்க்கத்தான் உக்காண்டிருந்தேன்.”

அவர் அவள் தோளைத் தொடப் போனார். அவள் நகர்ந்துகொண்டாள். கோபத்தால் நகர்ந்த மாதிரி இல்லை, தன்னைத் தொட்டால் அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்த மாதிரி இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வல்லரசு வேனை எடுத்துக்கொண்டு போனான். அன்றே அவன் குழுவில் நடந்ததை எழுதிவிட்டான். புகழேந்தி தன்னுடைய பழைய பதிவு தப்பு என்று ஒரு வரி போட்டுவிட்டு, இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. அந்தமட்டில் எனக்கு ஒரு திருப்தி. வல்லரசு தொட்டிலைச் செய்து முடித்துப் படம் போட்டான், பத்து விரலும் தெரிய.

சோமு குருக்கள் அன்றைக்கு உண்மையைச் சொன்னது சரி என்றுதான் நான் இன்றைக்கும் சொல்லுவேன். ஆனால் அந்த வீட்டுக்குப் போகிறவள் நான். சொர்ணாம்பாள் சமைக்கிறாள், கோலம் போடுகிறாள், வந்தவர்களுக்குக் காபி கொடுக்கிறாள். கடைக்கு மட்டும் போவதில்லை. காய்கறிக்காரி வாசலில் வந்து கூப்பிட்டால் உள்ளேயிருந்து அவரைக் கூப்பிடுகிறாள். உப்பு தீர்ந்தால் அவரிடம் சொல்லுகிறாள். அவர் வலது கையில் பையை எடுத்துக்கொண்டு தேரடித் தெருவுக்கு நடக்கிறார். எதற்கு இப்படி என்று அவரைக் கேட்டேன். விடுங்கோ என்றார்.

போன மாதம் அம்ருதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதல் பேத்தி. வாங்களேன், சின்னதாக ஒரு கவுன் வாங்கி வரலாம் என்று சொர்ணாம்பாளைக் கூப்பிட்டேன். புடவையெல்லாம் மாற்றிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைவாசல் வரைக்கும் வந்தாள். கடைக்காரப் பையன் எடுத்துக் காட்டியதையெல்லாம் ஆசையாகப் பார்த்தாள். மஞ்சள் பூப்போட்ட ஒன்றைப் பார்த்து இது நன்றாயிருக்கிறது என்றாள். எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவள் கையில் வைக்கப் போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“நீங்களே வாங்கிடுங்கோ ரேணுகா,” என்றாள். “நான் வாங்கிக் குடுத்தது போறும்.”